உப்பு அம்பாரத்தில் சறுக்கியவள்

கனடாவில் குளிர்காலப் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு எங்கள் ஐந்து வயது மகளைச் சேர்க்க வரிசையில் நின்றோம். "பொம்பளப்பிள்ளைக்கு இது எதுக்கு? விழுந்து கைகால் ஒடிஞ்சா?" என்றார் கணவர். வெளியே வெயில் பட்ட பனிமேட்டைப் பார்த்தேன், கண் கூசியது.

தூத்துக்குடி உப்பளத்திலும் அப்படித்தான் கண் கூசும். அம்மா அங்கே உப்புச் சுமந்தாள். பள்ளி விடுமுறையில் கூடவே போகும் நான், உப்பு அம்பாரத்தின் உச்சியில் சாக்கை விரித்து உட்கார்ந்து சறுக்குவேன். சிராய்ப்பில் உப்பு பட்டு எரியும். மறுபடியும் ஏறுவேன்.

ஒருநாள் கங்காணி பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்தார். "ஏளா, பொட்டப்பிள்ளைய இப்படியா வளக்க? நாளையிலருந்து அவள இங்கன கூட்டிட்டு வராத."

அம்மா கூடையை இறக்கி வைத்தாள். வெடித்த பாதங்களோடு அம்பாரத்தில் ஏறி, என்னை மடியில் இருத்திக்கொண்டு ஒரே சறுக்கில் கீழே வந்தாள். சேலையை உதறியபடி, "நாளைக்கும் வருவா அண்ணாச்சி," என்றாள்.

மறுநாள் எங்கள் இருவரையுமே உள்ளே விடவில்லை. அம்மா கெஞ்சவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த உப்பளத்துக்கு நடந்தாள். அங்கே வேலை கிடைத்தது.

வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது.

"விழட்டும்," என்றேன் கணவரிடம். "எந்திரிக்கதுக்கும் இங்கனதான் சொல்லிக்குடுக்காவ."

படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.