பச்சைக் கோட்டின்ர வயசு

நான் லேசில பயப்பிடுற ஆள் இல்லை. ஒரு வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையள் எல்லாற்ற கையிலயும் கத்திரிக்கோலைக் குடுத்துத் தையல் படிப்பிச்சவள். அப்பிடிப்பட்ட நான், எண்பதுகளின்ர நடுவில, அமெரிக்காவுக்கு வந்த முதல் பனிக்காலம் ஒரு கோட்டுக்குப் பயந்து சோறு இறங்காமல் கிடந்தன் எண்டால் நம்புவீங்களோ?

நியூ ஜேர்சியில, எடிசனில அக்கா வீட்டில இருந்தன். என்ர மனிசன், இவரும் மகளும் யாழ்ப்பாணத்தில. அகதியெண்டு என்ர கேஸ் சரிவந்தால்தான் அவை ரெண்டு பேரையும் கூப்பிடலாம். சரிவராட்டி என்னையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். விடிஞ்சால் பொழுதுபட்டால் எனக்கு வேற நினைப்பில்லை.

கோட் பக்கத்துச் சேர்ச்சில சும்மா தந்தது. கடும் பச்சை, நெல்லு மூட்டை மாதிரிப் பாரம், மாட்டுக்கொம்பில பொத்தான், முதுகில கீழ்வரைக்கும் ஒரு மடிப்பு. வடிவில்லாட்டிலும் குளிருக்குக் கெட்டி. கேஸுக்கு நிரப்பின போர்மோட குடுத்த படத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தனான். கழுத்துப்பட்டியும் மேல் பொத்தானும் படத்தில நல்லாத் தெரியும்.

கேஸ் இன்ரவியூவுக்கு முந்தின ஞாயிறு அத்தானின்ர கூட்டாளி ஒருத்தர் சாப்பிட வந்தார். தன்ர கேஸை வெண்டவர். அதால உலகத்தில உள்ள எல்லாக் கேஸும் தனக்குத் தெரியும் எண்ட நினைப்பு. வெளிக்கிடேக்க தன்ர கோட்டைத் தேடினவர், என்ர கோட்டை எடுத்து, ஒஸ்திரியாவில செய்தது எண்டு கிடந்த கழுத்து லேபலைப் பாத்தார்.

"தங்கச்சி, ஒஸ்திரியாவில எவ்வளவு காலம் நிண்டனீங்கள்?"

"ஐயோ அண்ணை, நான் அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கேல்லை. இது சேர்ச்சில தந்தது."

"நான் நம்புவன். ஒபிசர் நம்புவானோ? எங்கட சனம் பாதி ஐரோப்பாவுக்குள்ளாலதானே வருது. அங்க பாதுகாப்பாத்தானே இருந்தனீங்கள், பிறகேன் இஞ்ச வந்தனீங்கள் எண்டு கேட்டானெண்டால் கேஸ் அவ்வளவுதான்."

சொல்லிப்போட்டு அவர் தன்ர பாட்டில கோட்டை மாட்டிக்கொண்டு போயிட்டார், நாசமாப் போனவர். 

அக்கா கத்திரிக்கோலோட வந்தா. "லேபலை வெட்டி எறிவம்."

"விசரே உனக்கு? வெட்டின இடத்தில மட்டும் லைனிங் புதுசா மினுங்கும். கள்ளம் செய்ததெண்டு அதுவே காட்டிக்குடுக்கும்."

வேற கோட் வாங்கித் தாறன் எண்டார் அத்தான். படத்தில ஒரு கோட், ஆளில வேற கோட், அப்ப அதை ஏன் ஒளிச்சனீங்கள் எண்டு கேட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான்.

பேந்து எனக்குக் கோபம் வந்தது. ஒரு உடுப்பு என்னை வெருட்டுறதோ! கோட்டைச் சாப்பாட்டு மேசையில போட்டு உட்புறத்தை வெளியால புரட்டினன். லைனிங் நைலோன் இல்லை, பழைய ரேயோன். கக்கத்தடியில நைஞ்சு நூல்நூலா வந்திட்டுது. கீழ்மடிப்புக் கையால தைச்சது. அக்காவின்ர அலுமாரியில இருக்கிற இந்தக் காலத்து உடுப்பெல்லாத்திலயும் எப்பிடித் தோய்க்கிறது எண்டு சொல்லுற ஒரு குட்டித் துண்டு இருக்கு. இதில அது இல்லை, இருந்து கழட்டின ஊசித் துவாரமும் இல்லை. உள்பக்கப் பொக்கற்றுக்குள்ள கையை விட்டால் அங்க இன்னொரு லேபல். நியூ ஜேர்சியிலயே ஒரு கடை, கீழ ரெலிபோன் நம்பர். அந்த நம்பரின்ர துவக்கத்தில ரெண்டு இங்கிலீஷ் எழுத்து.

பக்கத்து வீட்டு அமெரிக்க மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினம். பாத்திட்டுச் சிரிச்சா. எழுத்துப் போட்ட நம்பரெல்லாம் தான் பிள்ளையளைத் தொட்டிலில ஆட்டின காலத்தோட போச்சுதாம். அந்தக் கடையை மூடியும் கன வருசமாம். அப்ப சரி, ஒஸ்திரியாவில தைச்சு, கப்பலேறி வந்து, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலயே இஞ்ச வித்த கோட். இதையெல்லாம் அத்தான் இங்கிலீஷில சொல்லித்தர, நான் பாடமாக்கினன். பயம் மட்டும் போகேல்லை.

இன்ரவியூவில அத்தான்தான் மொழிபெயர்க்க இருந்தார். மேசைக்கு அங்கால ஒரு மெலிஞ்ச ஒபிசர். துவக்கு நீட்டிக்கொண்டு ஆக்கள் வீட்டுக்குள்ள பூந்து என்ர மனிசனை அடிச்சது என்ன தேதியெண்டு கேட்டார். போர்மில அத்தான் குத்துமதிப்பாப் பெப்ரவரி எண்டு எழுதியிருந்தார். நான் ஜனவரி எண்டு சொல்லிப்போட்டு, இல்லையில்லை, பெப்ரவரி எண்டன். ஒபிசர் பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தார். 

அப்ப அவர் கொம்புப் பொத்தானைப் பாத்து, சும்மா கதைக்கிறவர் மாதிரி, "நல்ல கோட். ஒஸ்திரியாவோ?" எண்டார்.

விட்டன் பாருங்கோ! கோட்டைக் கழட்டி அவற்ற மேசையில போட்டுப் புரட்டிக் காட்டினன். லைனிங், கைத்தையல், இல்லாத துண்டு, ரெலிபோன் நம்பர், ஒண்டும் விடேல்லை. பாடமாக்கின இங்கிலீஷ் முடிஞ்ச இடத்தில தமிழில துவங்கினன். அத்தான் சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுக்கிறார், "காணும், காணும், நிப்பாட்டு" எண்டு. ஒபிசர் முழுக்கக் கேட்டார். பிறகு அவசரப்படாமல் ஏதோ சொன்னார். அதை அத்தான் தமிழில சொன்னார்.

"ஒரு கோட்டின்ர வயசை இவ்வளவு சரியாச் சொல்லுறீங்கள். உங்கட வீட்டுக்குள்ள ஆக்கள் பூந்த நாள் மட்டும் ஏன் தெரியேல்லை எண்டு கேக்கிறார்."

முடிஞ்சுது, இனி என்ர பிள்ளையைக் காணமாட்டன் எண்டு நினைச்சன். அவளின்ர முகம் வந்தது. முகத்தோட, அண்டைக்கு அவள் போட்டிருந்த சட்டையும் வந்தது.

"மஞ்சள் சட்டை," எண்டன். "பொங்கலுக்குத் தைச்சது. அளவு பாக்க அவளுக்குப் போட்டுவிட்டனான். பொத்தான் வைக்கேல்லை, முதுகில குண்டூசி குத்தியிருந்தன். அவங்கள் கதவை உடைச்சுக்கொண்டு வர, அவளை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கட்டிலுக்குக் கீழ பூந்தன். என்ர கை பட்டுக் குண்டூசி அவளின்ர முதுகில ஏறிச்சுது. பிள்ளை கத்தப் போனாள். வாயைப் பொத்தினன். அவங்கள் போகுமட்டும் கையை எடுக்கேல்லை. அடுத்த நாள் பொங்கல், நாங்கள் பொங்கேல்லை. அப்ப அது பொங்கலுக்கு முதல்நாள். ஜனவரி பதின்மூண்டு."

அத்தானுக்கு இந்தக் கதை தெரியாது.  ஒபிசர் திருப்பிக் கேட்ட பிறகுதான் இங்கிலீஷில சொன்னார். ஒபிசர் போர்மில பெப்ரவரியை வெட்டிப்போட்டு ஜனவரி பதின்மூண்டு எண்டு மேல எழுதினார். பிறகு கோட்டை மடிச்சு என்ர கையில தந்தார்.

கேஸ் சரிவந்தது. அதுக்குப் பிறகும் இவரும் மகளும் வந்திறங்க ரெண்டு வருசம் பிடிச்சுது. எயர்போட்டுக்கு அந்தப் பச்சைக் கோட்டோடதான் போனன். அவள் என்ர தோளளவுக்கு வளந்திருந்தாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சன். என்ர கை முதுகில பட்டதும் பிள்ளை விறைச்சுப் போனாள். கத்தேல்லை. தன்ர வாயைத் தானே பொத்திக்கொண்டு நிண்டாள்.