புற்கயிற்றுக் கதிரை

சித்தப்பாவுக்குக் கால் ஒருநாளும் தரையில் நில்லாது. நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது, ஒரு தைப்பொங்கலன்று தோரணம் கட்டுகிறேன் என்று சமையலறைக் கதிரையை வாசலுக்குத் தூக்கிப் போனார். லண்டனில் மாவிலைக்கு எங்கே போவது? பக்கத்து வேலியில் பிடுங்கிய ஏதோ ஒரு பச்சை இலையோடு கதிரையில் ஏறினார். ஒற்றைப் பக்கம் கட்டுவதற்குள், இருக்கை அறுந்து, கதிரைச் சட்டத்துக்குள் தொடையளவில் நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கதிரைக்குப் பலகை கிடையாது. வீட்டுக்கார அம்மா அயர்லாந்தில் ஒரு பட்டிக்காட்டில் பிறந்தவர். அங்கே வீட்டிலேயே புல்லைக் கயிறாகத் திரித்து இருக்கை பின்னுவார்களாம். இது அவருடைய தகப்பனார் செய்தது. கப்பலேறும்போது கூடவே கொண்டுவந்தது. ஊரெல்லாம் கதவடைத்தபோது எங்கள் நாலு பேருக்கும் இரண்டு அறை தந்த ஒரே ஆளும் அவர்தான்.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது.

"உனக்கு ஏற வேற ஒண்டும் கிடைக்கேல்லையே?" என்று தம்பியைக் கேட்டார். பிறகு அம்மாவிடம், சாமான்களை எடுத்துவைக்கச் சொன்னார்.

"எடுத்துவைக்க என்ன கிடக்கு? பெட்டி கட்டினபடிதானே இருக்கு," என்றார் அம்மா.

உண்மைதான். அந்தப் பெட்டியின் மேல் இருந்துதான் நான் வீட்டுப்பாடம் செய்வேன்.

வீட்டுக்கார அம்மா வந்தார், பார்த்தார், அப்பாவின் ஆங்கிலம் முடிவதற்குள் திரும்பிப் போய்விட்டார். பொலிசோடுதான் வருவார் என்று அப்பா முடிவுகட்டினார். வந்ததோ, முயலுக்குப் போடும் காய்ந்த புல் ஒரு மூட்டையோடு. உடுப்புக் கொழுவும் கம்பி ஒன்றை வளைத்துக் கொக்கியாக்கிச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார்.

சித்தப்பா ஊரில் தென்னந்தும்பு திரித்தவர். "புல்லெண்டால் என்ன, தும்பெண்டால் என்ன, எனக்கு ஏலும் அண்ணை," என்றார்.

வீட்டுக்கார அம்மா அடுப்படியில் இருந்து புல்லை விட்டுக்கொடுக்க, சித்தப்பா கொக்கியைச் சுழற்றிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். கயிறு நீண்டுகொண்டே போனது. வாசல் வந்ததும் என்னைக் கதவைத் திறக்கச் சொன்னார்கள். தொங்கிய தோரணத்துக்குக் கீழால் சித்தப்பா தெருவுக்கு இறங்க, பஸ்ஸுக்கு நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். உள்ளேயிருந்து நிற்காதே, நட என்று சத்தம் வந்தது. சித்தப்பாவுக்கு விளங்கிய ஆங்கிலம் அவ்வளவுதான், நடந்தார்.

மாலைக்குள் வீட்டுக்கார அம்மா இருக்கையைப் பின்னி முடித்தார். ஒருமுறை இருந்து பார்த்தார். பிறகு கதிரையைத் தூக்கிவந்து எங்கள் அறையில் வைத்தார். இதில் பாதி உங்கள் தம்பியின் நடை, இது இங்கேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பொங்கலை வாங்கிக்கொண்டு போனார்.

அம்மா கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியின் மேல் இருந்த என்னை எழுப்பிவிட்டு அதைத் திறந்தார். சேலைகளுக்குள் சுற்றிவைத்த குத்துவிளக்கு முதன்முறையாக வெளியே வந்தது. வெறும் பெட்டியை அப்பா அலுமாரிக்கு மேல் ஏற்றினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி நான் எங்கே இருப்பது என்று சித்தப்பாவிடம் முறையிட்டேன்.

"இனி இதிலை இரு, பிள்ளை," என்று கதிரையைக் காட்டினார்.

புல் குத்தியது. என்னுடைய பெட்டியைப் பறித்துவிட்டு இவர்கள் மூவரும் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.