டீச்சரின் அம்மாவுக்குப் போட்ட குழாய்

மூக்கு வழியாக வயிற்றுக்குள் இறக்கும் குழாய் சுண்டுவிரலைவிட மெல்லியது. நியூஜெர்சியில் நர்ஸாக இருந்த இத்தனை வருடங்களில் எத்தனையோ பேருக்கு அதைப் போட்டிருக்கிறேன். ஒருவருக்கு மட்டும் நான் போடவில்லை. கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டுக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவர். எண்பத்தைந்து வயது. பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்றவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் டீச்சர். காலையில் நான் தலை வாரிவிடும்போது தன் அம்மாவைப் பற்றிச் சொல்வார். பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம். இருபத்திரண்டு வயதில் அந்த அம்மா வேறு சில பெண்களோடு அந்த உரிமையைக் கேட்டு ஜனாதிபதி மாளிகை வாசலில் பதாகை பிடித்துப் பேசாமல் நின்றிருக்கிறார். நடைபாதையை மறித்ததாகச் சொல்லிச் சிறையில் போட்டார்கள். சூப்பில் புழு மிதந்தது. பெண்கள் சாப்பிட மறுத்தார்கள். நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, சிறை டாக்டர் மூக்கில் குழாயைத் திணித்துப் பாலும் முட்டையும் ஊற்றினார். அதன் பிறகு அந்த அம்மாவின் குரல் கரகரத்தே போனது. அவர் பாடி டீச்சர் கேட்டதே இல்லை.

"டாக்டரைக்கூட அம்மா மன்னித்துவிட்டாள். அப்போது காலை அமுக்கிப் பிடித்தவள் ஒரு பெண். அவளைத்தான் கடைசிவரை மன்னிக்கவில்லை" என்பார் டீச்சர். தன் மகனுக்கு இதையெல்லாம் கேட்கப் பொறுமை கிடையாது என்றும் சொல்வார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு டீச்சர் தேறவில்லை. சாப்பாட்டை நிறுத்தினார். "எனக்குப் போதும். குழாய் மட்டும் வேண்டாம்" என்று என்னிடம் தெளிவாகச் சொன்னார். டெக்சஸிலிருந்த மகனோ, என்ன செய்தாவது அம்மாவைச் சாப்பிட வைக்கும்படி போனில் சொல்லிவிட்டார்.

வார்டு டாக்டர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர். டீச்சரின் அறைக்குள் போனவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்.

"அக்கா, அவங்க ஃபுல்லா கன்ஃப்யூஸ்டு. அம்மாவை ஜெயில்ல அமுக்கிப் புடிச்சு டியூப் போட்டாங்களாம், என்னையும் அப்படிப் பண்ணப் போறீங்களான்னு கேக்கறாங்க. பையன் கன்சென்ட் குடுத்துட்டார். போட்டுடலாம்."

அது நிஜம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம்தான் மருத்துவமனை என் கிரீன் கார்டு மனுவுக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. டாக்டரை எதிர்த்துப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கப் பயந்தேன்.

"ஓகே டாக்டர்" என்றேன்.

குழாயை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். டாக்டரே வாங்கிப் போட்டார். இருவர் தோளை அழுத்த, நான் டீச்சரின் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டேன். அவர் டாக்டரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், "உனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். பதிவேட்டில் 'நோயாளி நன்றாகத் தாங்கிக்கொண்டார்' என்று எழுதினேன். எல்லோருக்கும் எழுதுகிற வரிதான் அது.

குழாயைப் பிடுங்காமலிருக்க அவர் கைகளுக்கு உறை மாட்டிக் கட்டிலோடு கட்டினோம். அதற்குப் பின் என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அம்மாவை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்று மகன் சாக்லேட் பெட்டி கொண்டுவந்தார். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அய்யோ, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார். தொலைபேசி அழைத்தது, போய்விட்டார்.

போன வருடம் குடியுரிமைத் தேர்வுக்குப் போனேன். இந்த நாட்டில் யார் ஓட்டுப் போடலாம் என்று அரசியல் சட்டம் சொல்வதில் ஏதாவது ஒன்றைச் சொல்லும்படி அதிகாரி கேட்டார். புத்தகத்தில் இருந்த விடையைச் சொன்னேன்.

"ஆண்களும் பெண்களும் ஓட்டுப் போடலாம்."

"கரெக்ட்" என்று குறித்துக்கொண்டு அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.