இடத்து மாடு யார் வீட்டு மாடு

சென்னிமலையின் பாரவண்டியில் இருபது மூட்டை ஏற்றலாம். மூட்டை இல்லாவிட்டால் இருபது பேரை ஏற்றலாம். யுத்தம் வந்த பிறகு அதில் பெரும்பாலும் ஏறியது சென்னிமலை மட்டும்தான்.

யுத்தத்துக்கும் வெண்ணந்தூருக்கும் பகை எதுவும் கிடையாது. ஜெர்மனிக்காரனை அங்கே யாரும் பார்த்ததில்லை. வெயில் நேரத்தில் வந்திருந்தால் ஒரு சொம்பு மோர்கூடக் கொடுத்திருப்பார்கள். இருந்தாலும் நூலுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. சேலத்திலிருந்து வண்டி முட்ட முட்ட நூல் ஏற்றி வந்த சென்னிமலை, இப்போது நடைக்கு நாலு சிப்பம் ஏற்றி வந்தார். அந்த நாலும், அழைக்காமல் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி வண்டியின் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கிடக்கும்.

இந்த நிலைமையில் பெரிய வண்டியைத் தள்ளிவிட்டு, ஒற்றை மாட்டு வண்டி ஒன்றுக்கு மாறிக்கொள்வதுதான் புத்தி. ஊரில் எல்லாருக்கும் அந்தப் புத்தி இருந்தது. அடுத்தவன் வண்டி விஷயத்தில் ஊருக்குப் புத்தி குறைந்ததே இல்லை. சென்னிமலைக்கும் புத்தி இருந்தது. அவருக்கு இருந்த சங்கடம் வேறு.

மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் அவர் பெண்டாட்டி ராமாயி போய்விட்டாள். அடுத்த வருஷம் வெக்கை நோயில், வண்டியில் இடப்பக்கம் பூட்டும் இடத்து மாடு போய்விட்டது. ஊர் இரண்டுக்கும் வந்து துக்கம் கேட்டது. மாட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே மகள் ஜேடர்பாளையத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆடிப் பதினெட்டு வந்தால் அப்பா ஞாபகம் வரும், பத்தொன்பது வந்தால் போய்விடும். ஆக, சென்னிமலை வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு பெரிய வண்டி, ஒரு வலத்து மாடு, அப்புறம் சென்னிமலை.

பாரவண்டிக்கு இரண்டு மாடு வேண்டும். அந்தச் சமயத்தில்தான் மேற்குக் காட்டுப் பூவாத்தாளிடம் ஒரு மாடு ஒற்றையாக நின்றது. புருஷன் போய் ஆறு வருஷம், வெள்ளைச் சேலை, ஒரு கிணறு, ஒன்றரை ஏக்கர் வெங்காயக் காடு. கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைக்கவும் இரண்டு மாடு வேண்டும். அவளுடையது இடம் பழகிய மாடு, இவருடையது வலம் பழகியது. இந்தப் பக்கத்தில் ஒற்றை மாட்டுக்காரர்கள் இருவர் கூட்டுச் சேர்ந்துகொள்வது வழக்கந்தான். வாரத்தில் நாலு நாள் இரண்டு மாடும் வண்டிக்கு, மூன்று நாள் கிணற்றுக்கு என்று பேச்சு முடிந்தது.

அதனால் தினம் விடிந்ததும் சென்னிமலை அவள் வேலிப் படல் முன்னால் போய் நின்றாக வேண்டும். வண்டி நாளில் மாட்டைக் கேட்க, கிணற்று நாளில் மாட்டைக் கொடுக்க.

"அம்மணி, மாட்டப் புடிச்சுக்கறனுங்க."

"புடிச்சுக்கங்க. தண்ணி காட்டிப்போட்டேன்."

"நேத்து முன்னங்கால சித்த சாச்சு வெச்சுதுங்க."

"வேப்பெண்ணெ போட்டுட்டனுங்க. இப்பத் தேவலாம்."

இவ்வளவுதான். இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு சென்னிமலை சேலம் வரைக்கும் அசைபோடுவார். திரும்பி வரும்போது மறுபடியும் அசைபோடுவார். அந்த விஷயத்தில் மாடுகள் அவரிடம் தோற்றுப்போயின.

அவர் அவளை 'அம்மணி' என்றார். அவள் அவரை 'ஏனுங்க' என்றாள். 'அண்ணா' என்று ஒரு சொல்லைப் போட்டிருந்தால் ஊர் வாய் அடைந்திருக்கும். அவள் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்க ஊருக்குத் தைரியம் இல்லை. நினைத்துக்கொள்ள மட்டும் இருந்தது. சென்னிமலைக்கு அந்தத் தைரியமும் இல்லை.

ஒற்றை மாட்டு வண்டிக்கு மாறினால் அவருக்கு அவள் மாடு வேண்டாம். சின்ன வண்டி தினமும் ஓட வேண்டியிருக்கும், ஆகவே இவர் மாடும் கிணற்றுக்குப் போகாது. படலுக்குப் போக ஒரு காரணமும் இருக்காது. வண்டி பெரிதா சின்னதா என்று ஊர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சென்னிமலைக்குத் தொண்டையில் சிக்கியிருந்தது இதுதான்.

தம்மம்பட்டியிலிருந்து சேதி கொண்டுவந்தவர் சின்னண்ணன். தறிக்காரர்களுக்கு நூல் பிரித்துக் கொடுப்பவர், ஒருவிதத்தில் சென்னிமலைக்கு மச்சான்.

"ஏய்யா மாப்ள, உனக்கு அதிருஷ்டம் வந்திருக்குது. தம்மம்பட்டியில சின்னராஜுன்னு ஒருத்தன். மலையடிவாரத்துல இருந்து மரம், பலாப்பழமெல்லாம் ஏத்தறவன். பெரிய வண்டி வேணுமாமா. ஒத்தமாட்டு வண்டி புதுசாட்டம் ஒண்ணு சும்மா நிக்குதாமா. கைக்குக் கை மாத்திக்கலாங்கறான்."

"நம்ம வண்டி ஒயரமுங்க மச்சான். அவனுக்கு ஆகாது."

"மரம் ஏத்தறவனுக்கு ஒயரந்தான் வேணும்."

"நாளைக்கே சண்டை நின்னு நூலு வந்துச்சுன்னா?"

"அப்ப வேற வண்டி வாங்கிக்க. ஏய்யா, நாலு சிப்பத்துக்கு இந்தத் தேரு எதுக்கு? நூலுக்கே வெக்கமா இருக்குது!"

சென்னிமலை தறிவீடு தறிவீடாகப் போய் யோசனை கேட்டார். ஒருவராவது 'வேண்டாம்' என்பார் என்ற நம்பிக்கைதான். கேட்டவர்கள் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேரும் 'மாத்து' என்றார்கள். வாய்க்கால் தகராறில்கூட அந்த ஊர் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

பதினாலாவது ஆளாக அவளிடம் போனார். உண்மையில் மற்ற பதின்மூன்று பேரும் இதற்கு ஒத்திகை.

"அம்மணி, வண்டிய மாத்தச் சொல்றாங்க."

அவள் வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். "ஆருங்க?"

"எல்லாருமுங்க. ஒத்தமாட்டு வண்டி."

அறுவாள் ஒரு கணம் நின்றது. அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. "சக்கரமெல்லாம் நல்லாருக்குதுங்களா?"

"நல்லாத்தான் இருக்குதுன்னாங்க."

"ஒத்தமாட்டுக்குத் தீவனம் கம்மி. பாரமும் கம்மி. உங்களுக்கும் ஒடம்பு தாங்கோணுமில்லீங்க." அறுவாள் மறுபடி நடந்தது. "நல்லதுங்க. மாத்திப்போடுங்க."

"அப்ப மாத்திப்போடட்டுங்களா?"

"அதத்தானுங்க சொன்னேன்."

அதைத்தான் சொன்னாள். வேறு எதையாவது சொன்னாளா என்று சென்னிமலை வெங்காயத் தாளையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

பெரிய வண்டியைத் தம்மம்பட்டிக்குக் கொண்டுபோகவும் அவள் மாடுதான் வேண்டும். வியாழக்கிழமை விடியலில் படலுக்குப் போனார். "நாலு நாளாகுமுங்க" என்றார். "வெங்காயத்துக்குத் தண்ணி உடோணுமுங்க, சுருக்கா வந்துருங்க" என்றாள். ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று வண்டி நகர்ந்தது. வழியெல்லாம் அவர் 'சுருக்கா வந்துருங்க' என்பதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு போனார். அதில் வெங்காயம் எவ்வளவு, தான் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

மறுநாள் உச்சிவேளைக்குத் தம்மம்பட்டி. சின்னராஜு தடித்த மனுஷன். பலாப்பழ வாசனையோடு வந்து நின்றார். அந்தப் பக்கத்துப் பேச்சில் இந்த 'ங்க' குறைவு. சென்னிமலைக்கு முதலில் திட்டுகிறாரோ என்றிருந்தது.

"வாப்பா. வண்டி இதானா? பலே. அச்சு என்னா கனம்!"

ஒற்றை மாட்டு வண்டியைக் காட்டினார். குறை சொல்ல வந்த சென்னிமலை அதை மூன்று சுற்றுச் சுற்றினார். சக்கரத்தின் இரும்புப் பட்டா இறுக்கமாக இருந்தது. ஆரக்கால் ஒன்றுகூட ஆடவில்லை. பலகை நேற்று இழைத்தது போல இருந்தது. ஒரு மனுஷன் மட்டும் உட்காரத் தோதாக, முன்னால் ஒரு சின்ன இடம். பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் இல்லை. அதைக் குறை என்று சொல்ல முடியுமா? தனி ஆளுக்கு அதுதானே அளவு.

"சரிங்க" என்றார் சென்னிமலை.

"சரிப்பா" என்றார் சின்னராஜு. வெற்றிலை கைமாறியது. மாடுகளை அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது சின்னராஜு இரண்டு மாட்டின் திமிலையும் தட்டிப் பார்த்துச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்:

"ரெண்டும் நல்லா எணஞ்சு நிக்குதப்பா. இந்த இடத்து மாடு ஏது?"

'மேக்குக் காட்டுப் பூவாத்தாள் மாடு' என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எங்க ஊட்டு மாடுதானுங்க" என்று வந்துவிட்டது.

"ரெண்டுமா?"

"ரெண்டுமே எங்க ஊட்டுதுதானுங்க."

முப்பது மைலுக்கு அப்பால், அவரையும் அவளையும் தெரிந்த ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில், சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெண்டாட்டி போனபின் அவர் வாயில் 'எங்க ஊட்டு' என்ற சொல் வந்ததே இல்லை; ஒரு ஆளுக்கு எதற்கு 'எங்க'? அந்தச் சொல்லின் ருசியில் சென்னிமலை லேசாகச் சிரித்தார்.

சின்னராஜு சிரிக்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"ஏம்ப்பா, சோடி மாடு சொந்தமா வச்சிருக்கிறவன் எவனாவது பாரவண்டியக் குடுத்துட்டு ஒத்தமாட்டு வண்டி வாங்குவானா?"

"நூலு இல்லீங்க..."

"நூலு இல்லாட்டி நெல்லு ஏத்து, கல்லு ஏத்து, வெறகு ஏத்து. ரெண்டு மாடு இருக்குதே!" சின்னராஜு வண்டிக்கு அடியில் நுழைந்தார். அச்சைத் தட்டினார். சக்கரக் குடத்தை முகர்ந்தார். ஏர்க்காலை நகத்தால் கீறினார். மேலே ஏறிக் குதித்தார். வண்டி ஒரு குறையும் சொல்லாமல் நின்றது. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஒரு குறையும் தெரியலியே" என்று கவலையோடு வெளியே வந்தார். "தெரிஞ்ச குறைன்னா வாங்கிக்கிட்டு சரி பண்ணிக்கலாம். தெரியாத குறைய எப்படிப்பா வாங்குறது? நெசத்தச் சொல்லு, எதுக்கு இதத் தள்ளிவிடப் பாக்குற?"

நிஜம் ஒரே வரிதான். இடத்து மாடு இரவல் என்று சொன்னால் எல்லாம் நேராகிவிடும். சென்னிமலை மாட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தம்மம்பட்டி மலையைப் பார்த்தார். இப்போதுதான் வாயில் வந்த ஒன்றை, அரை நாழிகைகூட வைத்திருக்காமல் துப்பிவிடுவதா?

"குறை ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"அப்ப ஒனக்குத்தான் இருக்குது. போய் வாப்பா" என்றார் சின்னராஜு.

திரும்பும் வழியில் சென்னிமலை பாட்டுக்கூட முனகினார். வியாபாரம் கெட்டுப்போன மனுஷன் பாடுவதை நாமகிரிப்பேட்டையில் இரண்டு பேர் பார்த்துவிட்டு, கள்ளுக்கடை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விசாரித்தார்கள்.

ஞாயிறு மாலை, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராகப் படலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். பூவாத்தாள் வெளியே வந்தாள். பெரிய வண்டியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, மாத்தலீங்களா?"

"அவன் வண்டி அச்சுல வெடிப்புங்க." பாவம், புதுசு போன்ற அந்த அச்சு.

"அடக் கெரகமே!" அவள் கை கன்னத்துக்குப் போயிற்று. "நானு கீழ்காட்டுக் குமாரசாமிகிட்ட வாக்குக் குடுத்துப்போட்டனுங்களே. அவனும் ஒத்தமாட்ட வெச்சுக்கிட்டு நிக்கறான், வலம் பழகுனது. நாளையிலிருந்து அவன் மாட்டோட கூட்டு. மூணு நாள் எங்க கெணறு, மத்த நாள் அவங்க காடு. வெங்காயம் வாடுது பாருங்க."

வெங்காயம் வாடித்தான் இருந்தது.

"அதுக்கென்னுங்க. நல்லதுதானுங்க" என்றார் சென்னிமலை.

"மாத்தத்தான் போறீங்கன்னு நெனச்சனுங்க."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்."

அவள் தன் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, வெகுநேரம் பிடித்தது. "போறதுக்கு முந்தி, மாத்த மனசில்லீன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்றாள்.

சென்னிமலை காத்திருந்தார். மாடு தொட்டித் தண்ணீரைப் பாதி குடித்துவிட்டது.

"சொல்லியிருந்தா என்னுங்க அம்மணி?"

"கெணத்துக்கு வேற கூட்டுப் புடிச்சிருக்க மாட்டேனுங்க" என்று மாட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நியாயமான பதில். கிணற்றைப் பற்றிய பதில். அன்று பெரிய வண்டியை ஒற்றை மாட்டோடு வீட்டுக்குக் கொண்டுபோகச் சின்னண்ணன் வீட்டு மாட்டை இரவல் வாங்க வேண்டியிருந்தது. சின்னண்ணன் கேட்டதற்கெல்லாம் அவர் 'அச்சு' என்று மட்டும் சொன்னார். மறுபடி தம்மம்பட்டிக்கே போய் உண்மையைச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் பெரிய வண்டியை ஒழிப்பதற்கும் நாலு நாளைக்கு இரண்டு மாடு வேண்டும்.

திங்கள் காலை வழக்கம் போல விடியலுக்கு முன் விழிப்பு வந்தது. முகம் கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார். போவதற்கு இடம் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வாசலில் உட்கார்ந்தார்.

வெயில் ஏறும் நேரத்தில் குமாரசாமி சந்தில் வந்தான். வலப்பக்கம் அவன் மாடு, இடப்பக்கம் பூவாத்தாள் மாடு, நடுவில் கலப்பை.

"ஏனுங் மாமா, வண்டி சந்து பூராவும் அடைச்சுக்கிட்டு நிக்குதுங்க. சித்த ஓரமாத் தள்ளுங்க, சோடி போகோணும்."

"இருடா சாமி."

சென்னிமலை தன் மாட்டைக் கொண்டுவந்தார். அது தானாகப் போய் நுகத்தடியின் வலப்பக்கத்தில் நின்றது. பூவாத்தாளின் மாடு அவரைப் பார்த்தது. மாடுகள் எல்லாரையும் அப்படித்தான் பார்க்கும். ஒரு பக்கம் மட்டும் மாடு இருந்தால் வண்டி திரும்பாது. சென்னிமலை துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, குனிந்து, நுகத்தடியின் இடப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டார்.

"அட, நானும் ஒரு கை புடிக்கட்டுங்களா மாமா?"

"வேண்டாங்கண்ணு. நீ சோடியப் பாரு, மெரண்டுக்கப் போகுது."

வலத்து மாடு காலெடுத்து வைத்தது, அவரும் வைத்தார். இருபது மூட்டை ஏற்றுகிற வண்டி, ஒன்றுமே ஏற்றாமல் இருந்ததால், சொன்னபடி ஓரத்துக்கு வந்து நின்றது. குமாரசாமி ஜோடியை ஓட்டிக்கொண்டு, "வாரனுங் மாமா" என்று கிழக்கே போனான்.