அடித்துத் திருத்திய தை மாத வெயில்

எஸ்டேட்டின் வெப்பநிலைப் புத்தகத்தில் எழுத்தராக நான் எழுதிய எண்ணை அடித்துவிட்டுப் பொய் எண் எழுதினார் எங்கள் மேலாளர். அறுபதுகளில் ஒரு தை மாதம்.

இன்று கொடைக்கானல் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா சொன்னார்: "தையில இம்புட்டு வெக்கையை நான் கண்டதில்லைங்க."

"நான் கண்டிருக்கேம்மா."

அந்தத் தையில் புல்லில் ஒருநாள்கூடப் பனி நிற்கவில்லை. தேனெடுக்கும் மாரி கீழ்க்காட்டிலிருந்து ஏறி வந்து சொன்னார்: "சருகு இப்பவே நொறுங்குதுங்க. தீ தாண்டாம இருக்க வெரசா ஃபயர் லைன் வெட்டச் சொல்லுங்க."

சூடு தெரிந்தால் முதலாளி வெட்டச் சொல்வார். அதற்கு ஆள் போனால் காப்பிப் பறிப்புக்கு ஆள் குறையும். "கருவி கெட்டுக் கெடக்குய்யா" என்று சொல்லி மேலாளரே எண்ணைக் குறைத்துத் திருத்தினார்.

மாசியில் தீ வந்தது. மாரியின் மனைவி குடிசைக்குள் இருந்தார்.

"அந்தப் புஸ்தகம் என்னாச்சுங்க?" என்று கேட்டார் பக்கத்து சீட்டு அம்மா.

"எங்கிட்டதான் இருக்கு."

"இத்தனை வருசமாவா?"

ஜன்னலில் சருகு வாசனை வந்துகொண்டே இருந்தது.

எஸ்டேட்டை இன்று வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஃபயர் லைன் வெட்ட வேண்டும். நான் அந்தப் புத்தகத்தை, அந்தத் தீயில் தாயை இழந்த மாரியின் மகளிடம் கொடுக்க வேண்டும். அவர் இருக்குமிடம் தெரிந்தவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுத வேண்டும். கருவி கெட்டுவிட்டது என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.