வெள்ளைச் சீட்டுச் செடிகளுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

என் மகளின் ஆய்வறிக்கையில் என்னைப் பற்றி இரண்டு வரிகள் இருக்கின்றன. நன்றி சொல்லும் பக்கத்தில் அல்ல. முதல் சோதனை ஏன் செல்லாமல் போனது என்று அவள் விளக்கும் பக்கத்தில். நாற்றுகள் வீட்டில் இருந்த நாள்களில் குடும்பத்தினர் ஒருவர் வெள்ளைச் சீட்டுச் செடிகளுக்கு இறால் தோல் ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறாள். அந்த ஒருவர் நான். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் முதலில் வெட்கம் வருகிறது. பிறகுதான் பெருமை வருகிறது.

எங்கள் வீடு கெலாங் பாத்தாவில். நான் தினமும் கடல்மேல் உள்ள இரண்டாவது பாலத்தில் எல்லை தாண்டி, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். மகள் அரை மணி நேரத் தொலைவில் உள்ள பல்கலைக்கழகத்தில் தாவரவியல் இறுதியாண்டு படித்தாள். வார நாள்களில் விடுதியில் இருப்பாள். செடிகள் கிருமிகளை எப்படி அடையாளம் கண்டு எதிர்த்து நிற்கின்றன என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு. ஆய்வு தேறினால் முதுகலை ஆராய்ச்சிக்கு அவளுக்கு ஓர் இடம் காத்திருந்தது. தேறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அந்தச் சமயத்தில் பல்கலைக்கழகத்தின் செடிவளர்ப்புக் கூடத்தில் கூரையை மாற்றத் தொடங்கினார்கள். விரிவுரையாளர் அனுமதி கொடுக்க, அவள் மிளகாய் நாற்றுகளை இரண்டு தட்டுகளில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கார் நிறுத்தும் இடத்தில் நிழலாக வைத்தாள். ஒரு தட்டில் நீலச் சீட்டு, இன்னொன்றில் வெள்ளைச் சீட்டு. நீலத்துக்குச் சனிக்கிழமைதோறும் அவளே வந்து ஒரு தெளிந்த திரவத்தைத் தெளிப்பாள். வெள்ளைக்கு வெறும் தண்ணீர் மட்டும். மற்ற நாள்களில் இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

"வெறும் தண்ணிதான், சரியாப்பா? வேற எதுவும் வேணாம்."

"எனக்கே சொல்லித் தர்றியா? நான் பாக்காத செக்லிஸ்டா?"

அந்தத் திரவம் எதற்கு என்று கேட்டேன். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சொன்னாள்.

"செடிக்கு ரத்தம் இல்லப்பா. நமக்குள்ள ஓடுற மாதிரி, கிருமியத் தேடிப் போற அணு எதுவும் அதுக்குள்ள ஓடாது. ஒவ்வொரு செல்லும் தன்னத் தானே பாத்துக்கணும்."

"அப்ப யாரு நல்லவன், யாரு திருடன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"செல்லுக்கு வெளியில ரிசெப்டர் இருக்கு, வாசல்ல நிக்கிற காவக்காரன் மாதிரி. கைட்டின்னு ஒண்ணு, அது பூஞ்சையோட சுவர்ல இருக்கும், செடிகிட்ட இருக்காது. அதுல ஒரு துண்டு வந்து ஒட்டினாப் போதும், வெளியாளு வந்துட்டான்னு செடி தயாராயிடும். நீலத்துக்கு நான் தெளிக்கிறது அந்தக் கைட்டின் துண்டுதான். பூஞ்சைய அப்புறமாத்தான், லேப்ல வச்சுக் குடுப்பேன்."

பூஞ்சை வருமுன்னே பூஞ்சை வந்ததுபோல் காட்டிச் செடியை எழுப்பிவிடுவது. எனக்குப் புரிந்தது. ஆனால் கைட்டின் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மீனவர்களிடம் இறால் வாங்கினால் அதன் தோலையும் தலையையும் யாரும் தூக்கி எறிய மாட்டோம். ஒரு மூடி போட்ட வாளியில் கொஞ்சம் கருப்புச் சீனியோடு ஊறவைப்போம். ஒரு வாரம் கழித்து அந்தத் தண்ணீரை நிறைய நீர் கலந்து கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் ஊற்றினால் செடி கருகருவென்று வரும். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் அந்த வாளி உண்டு, அந்த நாற்றமும் உண்டு. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவாள்.

இரண்டாவது வாரம் வெள்ளைத் தட்டு எனக்குச் சோர்ந்து தெரிந்தது. இப்போது யோசித்தால், சோர்வு செடியில் இல்லை. ஒரு தட்டுக்கு வாராவாரம் மருந்து, பக்கத்திலேயே இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. அதைத் தினமும் பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. வாளியிலிருந்து ஒரு குவளை எடுத்து, தண்ணீர் கலந்து, வெள்ளைத் தட்டுக்கு மட்டும் ஊற்றினேன். இலையிலும் கொஞ்சம் தெளித்தேன். அடுத்த வாரமும் செய்தேன். அதற்கடுத்த வாரமும்.

தொழிற்சாலையில் ஓர் அளவுகோலைத் தொட்டால்கூடப் பதிவேட்டில் எழுதுகிறவன் நான். இதை எங்கும் எழுதவில்லை. செடிக்கு நல்லது செய்வதைப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவள் தட்டுகளைக் கொண்டுபோய், ஆய்வுக்கூடத்தில் இரண்டின் மீதும் பூஞ்சையைத் தெளித்தாள். சில நாள்கள் கழித்து அழைத்தாள்.

"அப்பா, ரெண்டு ட்ரேயும் ஒரே மாதிரி இருக்கு."

"நோய் வரலயா? நல்லதுதானே!"

"என்னா நல்லது? வெள்ளைக்கு நோய் வரணும்ப்பா! அது வந்தாத்தான் நீலத்துக்கு நான் குடுத்தது வேல செஞ்சுச்சுன்னு சொல்ல முடியும்."

நடுவில் சீட்டு மாறி இரண்டு தட்டுக்கும் திரவம் போயிருக்கும், அல்லது பூஞ்சை செத்திருக்கும் என்று விரிவுரையாளர் சந்தேகப்பட்டாராம். அவள் அதே பூஞ்சையைத் தனியாக வளர்த்துப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது. அப்படியானால் தவறு அவள் கையில் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மகள் எங்கோ கவனம் தவறிவிட்டாள் என்று வருத்தப்பட்டேன். அதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முகம் வீங்கி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மனைவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தோலை ஒரு கிண்ணத்தில் தனியாகப் போடுவதை மகள் பார்த்தாள்.

"அது எதுக்கும்மா?"

"உங்கப்பா வாளிக்கு. அந்த நாத்தம் புடிச்ச வாளி இருக்கே, அதுக்கு."

மகள் கிண்ணத்தையே பார்த்தாள். பிறகு என்னை.

"அப்பா, அந்தத் தண்ணிய என் செடிக்கு ஊத்துனீங்களா?"

"இல்ல," என்றேன்.

ஐம்பத்திரண்டு வயது மனிதன், யோசிக்காமலே பொய் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் சொன்னதை அப்படியே நம்பினாள். சாப்பாட்டின் முன் உட்கார்ந்தேன். கை சோற்றில் இறங்கவில்லை. எழுந்துபோய் அவள் அறை வாசலில் நின்றேன்.

"ஊத்துனேன்ம்மா. வெள்ளைக்கு. மூணு தடவ."

முதலில் அவள் அழுதாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எந்தெந்த நாள்? எவ்வளவு? வேரிலா, இலையிலா? வாளியில் வேறென்ன போட்டீர்கள்? எங்கள் தொழிற்சாலைக்கு வரும் தணிக்கையாளர்கள்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை.

"வேல எடத்துல ஒரு ஸ்க்ரூ மாறுனா மூணு ஃபாரம் எழுதுற ஆளு," என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி. "பெத்த புள்ளையோட செடிக்கு ஒரு வார்த்த கேக்கல."

மகள்தான் என்னை விட்டுக்கொடுக்காமல் விளக்கினாள். இறால் ஓட்டிலும் கைட்டின் உண்டு. வாளியில் ஊறும்போது அது துண்டு துண்டாகக் கரைந்திருக்கலாம். இலையில் பட்டதும் செடி பூஞ்சை என்று எண்ணி விழித்திருக்கலாம். சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பாயும். கிருமியைச் சுடும் ஆக்சிஜன் வெளியே வரும். இலையின் மூச்சுத் துளைகள் மூடிக்கொள்ளும், செல் தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்ளும். அந்த விழிப்பு தணிந்த பிறகும், அடுத்த தடவை செடி முன்னைவிட வேகமாக எழுந்துகொள்ளும். நான் ஊற்றிய தண்ணீரால் வெள்ளைத் தட்டும் நீலத் தட்டைப் போலவே தயாராக இருந்திருக்கலாம்.

நான் மெல்லச் சொன்னேன். "சீட்டு மாறிப்போச்சுன்னு சொல்லிடேன்ம்மா. அவரே அப்படித்தானே நெனைக்கிறாரு."

"மாறலயேப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நான் மிகச் சிறியவனாக நின்றேன். இவளை வளர்த்தது நாங்கள்தானா என்றும் அப்போதே ஒரு பெருமை எழுந்தது. குற்ற உணர்ச்சியோடு சேர்ந்து வரும் பெருமை விசித்திரமானது. யாரிடமும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை விரிவுரையாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆய்வறிக்கையை ஒப்படைக்க ஐந்து வாரம் இருந்தது. புதிதாக விதை போட்டு வளர்க்க அது போதாது. ஆய்வுக்கூடத்தின் வளர்ப்புப் பெட்டியில் யாரும் தொடாத நாற்றுகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. அவற்றுக்கு மறுபடி நீலம், வெள்ளை என்று சீட்டு ஒட்டினாள். பாதிக்குத் திரவம், பாதிக்கு வெறும் தண்ணீர். பிறகு இலைகளை வெட்டி, ஈரத் தாள் விரித்த மூடிய கிண்ணங்களில் வைத்து, பூஞ்சையைச் சொட்டுச் சொட்டாக வைத்தாள். இது சிறிய சோதனை, ஆனால் சில நாள்களில் விடை தெரிந்துவிடும். அந்த நாள்களில் நான் அவளுக்கு ஒரு தடவைகூட அழைக்கவில்லை. எதையாவது கெடுத்துவிடுவேனோ என்ற பயம், தொலைபேசியில்கூட.

ஒரு மதியம், வேலையிடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தபோது படம் வந்தது. வெள்ளைச் சீட்டு இலைகளில் கறுத்த வட்டம் வட்டமாகப் புள்ளிகள். நீலச் சீட்டு இலைகளில் எண்ணி எடுக்கும் அளவுக்குத்தான். எதிரே உட்கார்ந்திருந்த நண்பரிடம் கைப்பேசியை நீட்டினேன்.

"அலமாக், செடி அழுகிப் போச்சு. நீங்க என்னா சிரிக்கிறீங்க?"

"அழுகணும் லா. அழுகுனாத்தான் சரி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் சோற்றுக்குத் திரும்பினார்.

இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டி விளக்கும் நாளில் பெற்றோரும் வரலாம் என்றார்கள். போனோம். தேர்வாளராக ஒரு பெண்மணி வந்தார். தாளில் முதல் சோதனையின் கதையும் இருந்தது, அதை மறைக்கவில்லை. அவர் அதில் விரலை வைத்து ஆங்கிலத்தில் கேட்டார். அப்படியென்றால் அந்த இறால் தண்ணீர் செடியின் எதிர்ப்பை எழுப்பியது என்று சொல்கிறீர்களா?

ஆமாம் என்று சொல்லு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். சொல்லிவிட்டால் என் தவறுக்கும் ஒரு மதிப்பு வந்துவிடும்.

"தெரியாது," என்றாள் மகள். கைட்டினாக இருக்கலாம். வாளியில் வளர்ந்த பாக்டீரியாவையும் செடி அடையாளம் கண்டிருக்கலாம். வெறும் உரச்சத்தால் தெம்பாகவும் இருந்திருக்கலாம். அளந்து பார்க்கவில்லை, அதனால் சொல்ல மாட்டேன் என்றாள். தெரியாது என்பதை இவ்வளவு நிமிர்ந்து நின்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தேர்வாளர் ஏதோ எழுதிக்கொண்டார். ஊற்றியது யார் என்று கேட்டார். மகள் திரும்பி என்னைக் காட்டினாள். கூசிக்கொண்டே ஓரடி முன்னால் வந்தேன். சரியாக எவ்வளவு ஊற்றினீர்கள் என்று அவர் என்னிடமே கேட்டார். ஒரு குவளை என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் தடவைதான் ஒரு குவளை. மற்ற இரண்டு தடவையும் கைப்போக்கில் ஊற்றியது நினைவுக்கு வந்தது.

"சரியா சொல்ல முடியாதுங்க. அளக்கல," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். மகள் அதை மொழிபெயர்த்தாள், ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல்.

முதுகலை ஆராய்ச்சிக்கான அந்த இடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று காரில் போகும்போது கேட்டாள்.

"இந்த எடம் போயிடும்னு ரொம்பப் பயந்துட்டீங்களாப்பா?"

"இன்னும் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள். சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.