மலைக்காவலன் பட்டமும் என் தம்பியும்

என் தம்பி வெண்டோலினுக்குப் பொய் சொல்ல வராது. அது நல்ல குணம் என்று பாதிரியார் சொல்வார். கூடப் பிறந்தவளைக் கேட்டால் தெரியும் அந்த அவஸ்தை.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்தவன். பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் போன்பெய் தீவு வேறு நாடுதான், ஆனாலும் இங்கிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். இராக்குக்குப் போய்த் திரும்பினான். இடது காது மந்தம். சார்ஜென்ட் ஆனான், ஹோனலுலுவில் குடித்தனம். ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவனைப் பட்டாளம் கடைசிவரை வைத்துக்கொள்ளாது. வாங்கினால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் அடுத்த வருஷம் மூட்டை கட்ட வேண்டும். வேற்று நாட்டுக் குடிமகனுக்கு இங்கே மண் சொந்தமாகாது என்பதால், தன் நிலத்தை என் பேருக்கு மாற்றிக் கொடுத்தான். அதற்குக்கூட அவன் முகம் சுளிக்கவில்லை.

குடியுரிமை நேர்காணலில் அதிகாரி கேட்டாராம்: "உங்க ஊர்ல பிரபு, ஜமீன் மாதிரி பட்டம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டே இல்லை என்றிருப்பார்கள். இவன், "இருக்குங்க. நான் ஓன்டோல்," என்றிருக்கிறான். மலைக்காவலன் என்று அர்த்தம். எங்கள் ஊரில் மீன் பிடிக்கிறவனுக்கும் பட்டம் உண்டு, லாரி ஓட்டுகிறவனுக்கும் உண்டு. விருந்தில் பட்டம் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பங்கு கொடுப்பார்கள். அது அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும், பாவம்?

"அமெரிக்கக் குடிமகன் ஆகணும்னா அதை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணணும். முடியுமா?"

"எங்க ஊர்த் தலைவர் கொடுத்ததுங்க. அவரைக் கேக்காம எப்படி விடறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவன், விமானம் பிடித்து என் வாசலில் வந்து நின்றான்.

எனக்கு வந்ததே கோபம்!

"அட மடையா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன? எவன் இங்க வந்து பாக்கப் போறான்?"

"சத்தியம் பண்ணப் போற இடத்துல பொய்யாக்கா?"

"அப்போ பட்டத்தை விடுவியா? நீ பாலைவனத்துல கிடந்தப்போ, தலைவர் உனக்குப் பட்டம் கொடுக்கணும்னு உன் பேர்ல பன்னி வளத்தது யாரு? கிழங்கு வச்சது யாரு?"

பன்றி வளர்த்தது நான். கிழங்கு வைத்தது என் வீட்டுக்காரர் ஹாட்லி. அடுத்தவர் கண்ணில் படாமல் காட்டுக்குள் பெருவள்ளிக் கிழங்கு வளர்த்து, நாலு பேர் கழி கட்டித் தூக்கிவரும்படி தலைவர் முன்னால் வைத்தவர். எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்தார். தோட்டத்துக்குப் போய் ஒரு சகாவ் செடியை வேரோடு பிடுங்கி வந்தார். எங்களில் மன்னிப்புக் கேட்கிறவன் அந்த வேரை இடித்துச் சாறு பிழிந்து கொடுக்க வேண்டும். வாங்கிக் குடித்தால் மன்னித்தாயிற்று. குடிக்காவிட்டால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

மறுநாள் ஊர் விருந்தில் வெண்டோலினே இடித்துப் பிழிந்தான். தலைவர் சிரட்டையைக் கையில் வாங்கி, குடிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, நான் கொடுத்த பட்டம் பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னா அங்கேயே இல்லைன்னு சொல்லியிருப்பேனே, தலைவரே."

தலைவர் சிரித்துவிட்டார். ஒரே மூச்சில் குடித்தார்.

"நான் கொடுத்தது என்கிட்டயே வந்துடுச்சு. போய் சத்தியம் பண்ணு, போ."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். நாங்கள் கொண்டுபோன பன்றியை வெட்டிப் பங்கு போட்டார்கள். கூப்பிடுகிறவன் ஒவ்வொரு பட்டமாகக் கத்தினான். ஹாட்லி எழுந்துபோய்த் தன் பங்கை வாங்கி வந்தார். அடுத்து, பழக்க தோஷத்தில், "ஓன்டோல்!" என்று கத்திவிட்டான்.

வெண்டோலின் பாதி எழுந்துவிட்டான். எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தான். கூப்பிட்டவன் நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த பட்டத்துக்குப் போனான். யாரும் சிரிக்கவில்லை. நான் வளர்த்த பன்றி. என் தம்பி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். என்னால் தாங்க முடியவில்லை. ஹாட்லியின் பங்கில் பாதியைப் பிய்த்து, வாழையிலையில் வைத்து, கொண்டுபோய் அவன் மடியில் வைத்தேன்.

"இது யார் பங்கு, அக்கா?"

"என் தம்பி பங்கு. அதுவும் ஒரு பட்டம்தான். அதையும் விடுன்னு அங்க கேட்டா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு பொய் சொல்லிடு."

"எனக்குத்தான் பொய் வராதேக்கா," என்றான். வாயில் கறியை வைத்துக்கொண்டே அழுதான்.